சென்டர் ஸ்பீக்கர்

ஏற்காட்டில் இருக்கும் எங்களுக்கு சினிமா என்றால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, படம் முடிந்ததும் அதே 20 வளைவையும் ஏற வேண்டும். ஆண்களுக்கு பைக் இருக்கிறது. நமக்கு பஸ். மதியக் காட்சி என்றால்தான் கடைசி பஸ் பற்றிய பயமில்லாமல் உட்கார முடியும். அதற்கும் காலையிலேயே எழுந்து மதியச் சோறு, ராத்திரிக்குக் குழம்பு, மாட்டுக்குத் தண்ணீர் எல்லாம் முடித்திருக்க வேண்டும். "எதுக்கு இப்ப சினிமா?" என்ற கேள்விக்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருக்க வேண்டும். நாங்கள் வைத்திருந்த பதில், பேங்க் வேலை. அது முழுப் பொய்யும் இல்லை.

2023 ஜனவரி 11 அன்று அஜித்தின் 'துணிவு' வெளியானது. அதே நாளில்தான் விஜய்யின் 'வாரிசு'ம். 'துணிவு'க்கு முதல் காட்சி நள்ளிரவு 1 மணிக்கு. என் தம்பி மகன் கூட்டாளிகளோடு அந்தப் பனியில் பைக்கில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, விடிந்த பிறகு வந்து படுத்தான். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம் எழுந்து சோறு தின்றுகொண்டே என் அத்தையிடம் சொன்னான்: "பாட்டி, உன் கதையத்தான் படமா எடுத்திருக்கான். பேங்க்ல ஏமாத்துறதெல்லாம் அப்படியே வருது."

அத்தை, அப்பாவின் தங்கை. முப்பது வருடத்துக்கு மேல் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது பி.எஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துச் சொச்சம் வந்தது. அதை டெபாசிட் போடத்தான் போனார். கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்த ஒரு தம்பி, நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "டெபாசிட்டை விட நல்ல திட்டம் பாட்டி" என்று காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கிவிட்டான். ஒரு வருடம் கழித்து போன் வந்தது: இரண்டாவது தவணை கட்ட வேண்டும், அதே இரண்டு லட்சம். பத்து வருடம் கட்டும் ஆயுள் காப்பீடு அது. எழுபதை நெருங்கும் பெண்ணுக்கு, வருடத்துக்கு இரண்டு லட்சம்! பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 15 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம் என்று அப்போது விதி இருந்தது. அத்தை அதை டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார், டெபாசிட் ரசீது என்று. இரண்டு வருடமாவது கட்டியிருந்தால்தான் சரண்டர் செய்து ஏதாவது வாங்க முடியும் என்பது அப்போதைய நிலை. ஒரு வருடம் கட்டி நிறுத்தினால் ஒன்றுமில்லை.

இதைத்தான் பேரன் 'உன் கதை' என்றான். "என்னதான் சொல்றான்னு கேட்டுட்டு வரலாம் கண்ணு" என்றார் அத்தை. அவர் கடைசியாகத் தியேட்டரில் பார்த்த படம் 'சின்னத்தம்பி'. அது 1991.

காப்பிப் பழம் எடுக்கும் சீசன் வேறு. ஓய்வு பெற்றாலும் சீசனில் கூலிக்குப் போவார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பாலிசிப் பத்திரத்தையும் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு வந்தார். பேங்குக்குப் போவதாகச் சொல்லியிருந்தோமே, யாராவது பையைப் பார்த்தால்?

பஸ் அடிவாரம் தாண்டி, கோரிமேடு தாண்டி ஊருக்குள் நுழையும்போது ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரும். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கிருந்து போயின. இன்று நுழைவாயில் வளைவு மட்டும் மிச்சம். அத்தை ஒவ்வொரு முறையும் அதைக் கையால் காட்டுவார், ஏதோ கோவிலைக் காட்டுவதுபோல. திருடர் படங்களுக்குப் பேர்போன கம்பெனி. தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இவர்கள் 1956இல் எடுத்ததுதான். எம்.ஜி.ஆர். பேர்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த அரபுக் கதையில் திருடர்களின் திட்டம் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து முறியடிப்பவள் வீட்டு வேலைக்காரி மார்ஜியானா. படத்தில் பி. பானுமதி.

அதற்கும் முன்னால், 1950இல், 'மந்திரி குமாரி'. மு. கருணாநிதியின் வசனம். ராஜகுருவின் மகன் ராத்திரியில் கொள்ளைக்காரன். கொள்ளையடிப்பதை ஒரு கலை என்றே வாதாடுகிறவன். கட்டிய மனைவியை மலை உச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளப் பார்க்கிறான். அவள் அவனைச் சுற்றி வந்து கும்பிட வேண்டும் என்று கேட்டு, சுற்றி வரும்போது அவனைத் தள்ளிவிடுகிறாள். மாதுரி தேவி நடித்தது. குண்டலகேசியின் கதை அது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, பாடல்கள் சிலதான் கிடைத்திருக்கின்றன, ஆனாலும் அந்த மலை உச்சி மட்டும் யாருக்கும் மறக்கவில்லை. அந்தக் காட்சியை எங்கள் மலையில்தான் எடுத்தார்கள் என்று ஏற்காட்டில் சொல்வார்கள். லேடீஸ் சீட்டில் நின்று, இந்தப் பாறையா அந்தப் பாறையா என்று சண்டைகூடப் போடுவார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அப்பா. அவர் அடிவாரத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர், பிறகு சேலத்தில் ஒரு தியேட்டரில். டாக்கீஸில் மணல் தரை; நடுவில் குட்டைச் சுவர், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். சேலத்துக்கு மாறியதும் நானும் தம்பியும் அவருக்குத் தூக்குப் போசியில் சாப்பாடு கொண்டுபோவோம். தம்பி கேபினுக்குள் போவான். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். பத்து வயது வரை உள்ளே விட்டார். அதன்பிறகு, "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை, சூடு, புகை" என்றார். கார்பன் குச்சிகளின் நெருப்பு பற்றி, ரீல் முடியும் நேரம் திரை மூலையில் வந்து போகும் புள்ளி பற்றி, லென்ஸ் துடைக்கும் துணி பற்றி எல்லாம் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தார். தம்பி இப்போது டாக்ஸி ஓட்டுகிறான். படிக்கட்டில் உட்கார்ந்து கேட்ட எனக்குத்தான் எல்லாம் நினைவில் இருக்கிறது. இன்றைக்கும் தியேட்டரில் விளக்கு அணைந்ததும் நான் முதலில் பார்ப்பது ஹீரோவை அல்ல, திரையின் நான்கு மூலைகளை.

அன்றும் பார்த்தேன். சரியில்லை.

எங்களுக்குக் கிடைத்தது ஓரத்துச் சீட். நடுத்திரையில் ஒரு வெள்ளைத் திட்டு, ஓரங்களுக்குப் போகப்போக மங்கல். அகலப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புத் துணி இழுத்து மறைக்க வேண்டும். மறைக்கவில்லை, சாம்பல் பட்டை தெரிந்தது. இதெல்லாம் காதல் படத்துக்குப் பரவாயில்லை. கொள்ளைப் படத்துக்கு ஆகாது. யார் கையில் எது இருக்கிறது, எந்தக் கதவு திறந்தது, முகமூடிக்குள் இருப்பது யார் என்பதுதான் அந்த மாதிரிப் படத்தின் மொத்தக் கதையும். 'துணிவு' தொடங்குவதே அப்படித்தான். ஒரு கும்பல் வங்கியைக் கொள்ளையடிக்க வருகிறது. அவர்களுக்கு முன்னால் இன்னொருவர் உள்ளே இருக்கிறார். யார் யாருடைய ஆள் என்று நாம் கண்ணால் பிரித்துக்கொண்டே போக வேண்டும். இருட்டில் எல்லாரும் ஒரே நிறம்.

ஒலி அதைவிட மோசம். வெடிச்சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. பேச்சு மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல் கேட்டது. விசில், கூச்சல் என்று முதலில் நினைத்தேன். கூட்டம் அடங்கிய பிறகும் அப்படியேதான். தியேட்டரில் திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். திரையில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக அதன் சத்தம் வரும். வசனம் பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கரில்தான். பாட்டும் வெடியும் பக்கத்து ஸ்பீக்கர்களில் வரும். இங்கே பக்கவாட்டில் எல்லாம் உயிரோடு இருந்தது, நடுதான் செத்துக் கிடந்தது.

"என்ன சொல்றான் கண்ணு?" என்று அத்தை கேட்டார். காதில் சொன்னேன். அடுத்த வசனம் போய்விட்டது. திரும்பவும் கேட்டார். எங்களுக்கு முன்னால் இருந்த பையன் திரும்பி, "ஆயா, படம் பாக்க விடுங்க" என்றான். அதற்குப் பிறகு அத்தை கேட்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு மங்கலான திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கூலியை விட்டு, 32 வருடம் கழித்துத் தியேட்டருக்கு வந்தவர்.

இடைவேளையில் ஆபீஸ் ரூமுக்குப் போனேன். "சென்டர் ஸ்பீக்கர் வேலை செய்யலைங்க. வெளிச்சமும் கம்மியா இருக்கு" என்றேன். மேனேஜர் என்னைப் பார்த்தார், பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "சார் வந்திருக்காரா மேடம்?" எந்த சார்? இரண்டு விநாடி கழித்துத்தான் புரிந்தது. புகார் என்னுடையது என்று அவர் நினைக்கவில்லை. யாரோ ஒரு ஆண் சொல்லி அனுப்பியிருக்கிறான். "நான்தான் வந்திருக்கேன்" என்றேன். "படம் ஹவுஸ்ஃபுல், இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே" என்றார். லேடீஸ் டாய்லெட் விஷயமாக வந்தீர்களா என்றும் கேட்டார். அதுவும் மோசம்தான், அதைப் பற்றிப் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

கேபின் கதவு திறந்தே இருந்தது. என் வாழ்க்கையில் பத்து வயதுக்குப் பிறகு நான் பார்க்கும் முதல் புரொஜெக்டர் அறை. கார்பன் வாசனை இல்லை, ஏ.சி. குளிர். ரீல் இல்லை, கம்ப்யூட்டர். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சொன்னதும் எழுந்து நின்றான். "சென்டர் போயி ரெண்டு வாரம் ஆச்சுக்கா. சொல்லிட்டேன். பொங்கல் முடியட்டும்ங்கறாங்க."

"வெளிச்சம்?"

"லேம்ப் புதுசுதான்க்கா."

லென்ஸுக்கு முன்னால் பார்த்தேன். ஒரு கண்ணாடித் தகடு நின்றுகொண்டிருந்தது. "இது த்ரீடிக்கு வைக்கிறதுதானே?"

பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். டிசம்பர் 16ஆம் தேதி 'அவதார்' இரண்டாம் பாகம் வந்தது. அதற்கு வைத்த ஃபில்டர், சாதாரணப் படத்துக்கு எடுக்க மறந்திருக்கிறார்கள். அந்தத் தகடு வெளிச்சத்தில் பாதிக்கு மேல் குடித்துவிடும். வெறும் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் பிரகாசம் விழ வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு. இங்கே அதில் பாதிகூட வந்திருக்காது. த்ரீடிக்காகப் போட்ட வெள்ளித் திரை வேறு. அதில் நடுவில் இருக்கிறவனுக்குத்தான் வெளிச்சம், ஓரச் சீட்டுக்கு மிச்சம். (அந்த வெள்ளைத் திட்டுக்கு அதுதான் காரணம். அதைப் பையனால் ஒன்றும் செய்ய முடியாது.) அவன் தகட்டை விலக்கினான். ஆம்ப்ளிஃபயரில் ஏதோ செய்து, வசனத்தைக் கொஞ்சம் பக்கத்து ஸ்பீக்கர்களுக்குத் திருப்ப முடியுமா பார்க்கிறேன் என்றான். "நீங்க இந்த லைன்ல இருக்கீங்களாக்கா?" என்று கேட்டான். இல்லை, படிக்கட்டில் இருந்தேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

இரண்டாம் பாதியில் திரை வெளுத்து வந்தது. "இப்பத்தான் மூஞ்சி தெரியுது" என்றார் அத்தை. குரல் முழுதாக வரவில்லை, கொஞ்சம் தேறியது. வங்கி எப்படி ஜனங்களை மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட வைத்து ஏமாற்றுகிறது என்று படம் விளக்கும் இடங்கள் வந்தன. அதில் ஒரு காட்சியில் ஒரு பெரியவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். வசனம் எனக்கே பாதிதான் காதில் விழுந்தது. அவருக்கு வசனம் தேவைப்படவில்லை.

படம் எப்படி என்று கேட்டால், ஹெச். வினோத் கோபத்தோடு எடுத்திருக்கிறார், அந்தக் கோபம் நியாயமானது. மினிமம் பேலன்ஸ், கிரெடிட் கார்டு, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும் நிபந்தனை என்று மாஸ் ஹீரோ படத்துக்குள் யாரும் பேசாததைப் பேசுகிறார். வகுப்பு எடுக்கிற மாதிரி இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டுமே. வகுப்பு தேவைப்படுகிறவர்கள் நிறைய இருக்கிறோம்.

என் வருத்தம் கண்மணி பற்றி. மஞ்சு வாரியர் செய்த பாத்திரம். துப்பாக்கி தூக்குகிறார், சண்டை போடுகிறார், ஹீரோவைக் காதலித்துப் பாட்டுப் பாடுவதில்லை. அதுவே பெரிய விஷயம் என்று பலர் பாராட்டினார்கள். 2011இல் வந்த 'மங்காத்தா'வோடு வைத்துப் பார்த்தால் பெரிய விஷயம்தான். அதில் 500 கோடி கிரிக்கெட் சூதாட்டப் பணத்தை ஐந்து ஆண்கள் அடிப்பார்கள். த்ரிஷா, லட்சுமி ராய், அஞ்சலி, ஆண்ட்ரியா என்று நான்கு நடிகைகள் இருந்தும் திட்டம் போடும் மேசையில் ஒருவருக்கும் நாற்காலி கிடையாது. கண்மணிக்கு நாற்காலி இருக்கிறது. ஆனால் அவள் யார்? எங்கிருந்து வந்தாள்? எந்த வங்கி அவளை என்ன செய்தது? 'அசுரன்' பச்சையம்மாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த நடிகையிடம் ஒரு கதையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று. தியேட்டரில் எனக்குக் கேட்காமல் போய்விட்டதோ என்று சந்தேகம். பழியை சென்டர் ஸ்பீக்கர் மேல் போட்டேன். பிப்ரவரி 8ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் தம்பி மகனின் போனில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு முழுதாகப் பார்த்தேன். எல்லா வார்த்தையும் கேட்டது. கண்மணியைப் பற்றிக் கூடுதலாக ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2022 டிசம்பரில் இந்தப் படத்தின் 'காசேதான் கடவுளடா' பாட்டு இணையத்தில் வந்தது. பாடியவர்கள் பட்டியலில் மஞ்சு வாரியர் பேரும் இருந்தது. பாட்டில் அவர் குரல் எங்கே என்று எல்லாரும் தேடிக் கேலி செய்தார்கள். வீடியோ வடிவத்துக்காகத்தான் என் குரல் பதிவானது, கவலைப்பட வேண்டாம் என்று அவரே சிரித்துக்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல மனசுக்காரர், கேலியையும் ரசித்தேன் என்றார். நானாக இருந்தால் சிரித்திருப்பேனா தெரியவில்லை.

பெண்களே திட்டம் போடும் கொள்ளைப் படங்கள் வராமல் இல்லை. ஹாலிவுட்டில் 2018இல் 'ஓஷன்ஸ் 8', இந்தியில் 2024இல் தபு, கரீனா, கிருத்தி நடித்த 'க்ரூ'. இரண்டையும் சின்னத் திரையில்தான் பார்த்தேன், இரண்டிலும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெண்கள் போட்டிருந்த உடுப்பு பளபளவென்று இருந்தது. காப்பிப் பழத்தின் கறை ஏறிய விரல்களோடு ஒருத்தி பெட்டகத்தைத் திறக்கும் படத்துக்காகக் காத்திருக்கிறேன்.

படம் முடிந்து வெளியே வரும்போது மணி ஐந்தரை. மேனேஜர் வாசலில் நின்றிருந்தார். டாய்லெட் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஏற்காடு பஸ்ஸில் சீட் கிடைத்தது. மலை ஏறும்போது அத்தை வழக்கமாகத் தூங்கிவிடுவார். அன்று தூங்கவில்லை. எத்தனையாவது வளைவிலோ, "அவன் துப்பாக்கி வச்சிருந்தான், அதனால சொன்னதக் கேட்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "திங்கக்கிழமை போலாமா?" என்றார்.

திங்கட்கிழமை இன்னொரு நாள் கூலி போனது. பேங்கில் அந்தப் பழைய தம்பி இல்லை, மாற்றலாகிப் போய்விட்டானாம். புதிதாக இருந்தவர் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க கேளுங்க மேடம், பாட்டிக்கு இதெல்லாம் புரியாது" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் புகார், முப்பது நாள் பார்த்துவிட்டு ஓம்புட்ஸ்மேன் என்று நானே வரிசையாக எழுதி வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அத்தை குறுக்கே பேசினார்.

"எம் பணம்தானே சாமி? எனக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

அவர் எங்களையும் சுற்றியும் பார்த்தார். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், பாதிப்பேர் தோட்டத்துப் பெண்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து, இந்த முறை சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். இது டெபாசிட் இல்லை பாட்டி, இன்சூரன்ஸ், வருஷா வருஷம் கட்டணும், கட்டலைன்னா போட்டதும் போயிடும் என்று அவர் சொல்லச் சொல்ல, வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்த ஒரு பெண் தன் பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.